ஆயிரம் வரிக்கு நாலு தப்பு

ஜனவரி 8

காலையிலிருந்து தூறல். ஆற்றுப் பக்கத்து ஜன்னல் மறுபடி ஒழுகுகிறது. கட்டிடக்காரனுக்கு மூன்றாவது முறையாகப் போன் செய்தேன். "பாக்கறேன் அக்கா" என்றான். இது மூன்றாவது பாக்கறேன்.

ஜப்பானில் நகோயா கம்பெனியிடமிருந்து மெயில். லாம் படித்துச் சொன்னான். என் கம்பெனியில் நன்றாக ஜப்பான் மொழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். நான்கு வருடம் அங்கே இருந்தவன். அவர்களுடைய குளிர்கிடங்கு வேலையை ஆறு வருடமாக நாங்களும் வடக்கே ஹைஃபோங் நகரத்தில் ஒரு கம்பெனியும் ஆளுக்குப் பாதி எழுதித் தருகிறோம். மீனும் ஐஸ்கிரீமும் அடுக்கி வைத்திருக்கும் பெரிய கிடங்குகள். குளிர் குறைந்தால் அலாரம் அடிக்க வேண்டும். அதற்கான கம்ப்யூட்டர் நிரல். ஏப்ரல் முதல் இரண்டு கம்பெனி வேண்டாமாம், ஒன்று போதுமாம். எது என்று மார்ச்சில் சொல்வார்களாம்.

"எதை வெச்சு முடிவு பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"அட்டவணை வெச்சு."

என்னிடம் 38 பேர் வேலை செய்கிறார்கள். முக்கால்வாசிப் பேருக்குச் சம்பளம் இந்த ஒரு வேலையிலிருந்துதான் வருகிறது. வேறு வேலை பிடிக்க ஒரு வருடம் ஆகும். அதுவரை அவர்கள் காற்றைக் குடிக்க முடியாது.

ஜனவரி 10

லாம் பலகையில் எழுதி விளக்கினான். எனக்கு நிரல் எழுதத் தெரியாது, விற்கத் தெரியும். அதனால் இரண்டு தடவை விளக்கச் சொன்னேன்.

"ஒரு ஆள் ஒரு மாசத்துல எத்தனை வரி எழுதறான்னு ஒரு எண், அக்கா. ஆயிரம் வரிக்கு எத்தனை தப்பு சோதனையில சிக்குதுன்னு இன்னொரு எண். அவங்ககிட்ட பழைய முந்நூறு வேலையோட கணக்கு இருக்கு. அந்தச் சராசரியோட நம்மள ஒப்பிட்டுப் பாப்பாங்க."

"வரி கூடினா நல்லது, தப்பு குறைஞ்சா நல்லது. அதானே?"

"முதல் பாதி சரி."

"ரெண்டாவது பாதிக்கு என்ன?"

"தப்பு ஆயிரத்துக்கு நாலுலேருந்து எட்டுக்குள்ள இருக்கணும். எட்டுக்கு மேல போனா நம்ம எழுத்து மோசம். நாலுக்குக் கீழ போனா நம்ம சோதனை மோசம்."

"தப்பே இல்லேன்னா?"

"தேடவே இல்லைன்னு அர்த்தம்."

அவன் சிரிக்கவில்லை. நான்கு வருடம் அங்கே இருந்தால் சிரிப்பு போய்விடும் போல.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே யோசனை. ஒருவன் உன் கடையில் ஆயிரம் முட்டை வாங்குகிறான். ஒன்றுகூட அழுகவில்லை. திரும்பி வந்து சண்டை போடுகிறான். நாலு முட்டையாவது அழுகியிருக்க வேண்டாமா, நீ முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாயா இல்லையா என்று.

ஜனவரி 15

எங்கள் எண்கள் வந்தன. மொத்தம் ஆறு பகுதி. இரண்டு பச்சை, நான்கு சிவப்பு.

பச்சை இரண்டும் பாவ் தனியாக எழுதியவை. பாவ் மாதம் 2,900 வரி எழுதுகிறான். ஆயிரத்துக்கு ஆறு தப்பு. நகோயாக்காரர்கள் அவனை மனதில் வைத்துத்தான் அட்டவணையே போட்டிருப்பார்கள்.

சிவப்பு நான்கும் காங் கை பட்டவை.

காங் வயது 47. மின்சார மீட்டர் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். சின்னப் பசங்கள் எல்லாம் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். தன் பங்கை எழுதியபின் அந்த நான்கிலும் மற்றவர்கள் எழுதியதையும் ஒரு தடவை படித்துத் திருத்துவார். யாரும் கேட்டதில்லை, அவராகச் செய்வது. இந்த மாதம் அவர் எழுதியது 310 வரி. தப்பு: பூஜ்யம்.

அட்டவணைப்படி என் கம்பெனியிலேயே மோசமான ஆள் அவர்தான். வரியிலும் சிவப்பு, தப்பிலும் சிவப்பு. நகோயா மெயிலில் அடிக்குறிப்பு வேறு: "இந்த உறுப்பினரை மாற்றுவது குறித்துப் பரிசீலிக்கவும்."

ஜனவரி 17

மதியம் காங்கை மீ குவாங் நூடுல்ஸ் சாப்பிடக் கூட்டிப் போனேன். தெருமுனைக் கடை. அவர் நிலக்கடலையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் வாயில் போடுவார். எழுதுவதும் அப்படித்தான் இருக்கும்.

"தம்பி, 310 வரிதான் எழுதியிருக்கீங்க."

"தேவைப்பட்டது அவ்வளவுதான் அக்கா."

"பாவ் 2,900."

"அதுல 600 வரியை நான் நீக்கிட்டேன். என் பகுதியில அவன் எழுதினது, வேண்டாதது. நீக்கின வரிக்கு அட்டவணையில பத்தி இல்ல."

"கொஞ்சம் நீட்டி எழுத முடியாதா?"

யோசித்தார். "முடியும். ஒரு வரியில சொல்றதை அஞ்சு வரியில சொல்லலாம். கல்யாண மேடையில பேசற மாதிரி."

"தப்பு?"

சூப்பை முழுவதும் குடித்து முடித்தார்.

ஜனவரி 18

பழைய விஷயம் ஒன்று எழுத வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை.

கோன் சந்தைக்குப் பின்னால் பழைய ஜப்பான் ஃப்ரிட்ஜ் விற்ற காலம். கன்டெய்னரில் வரும். அவர்கள் தூக்கிப் போட்டது, நமக்குப் பத்து வருடம் ஓடும். நல்ல பெட்டிகள். சத்தமே வராது. அதுதான் தொல்லை. மலைப் பக்கத்து ஆட்கள் வந்து காதை வைத்துக் கேட்பார்கள். "ஓடலையே" என்பார்கள். உள்ளே கையை விட்டுப் பார், ஜில்லென்று இருக்கிறது என்றாலும் நம்ப மாட்டார்கள். பக்கத்துக் கடையில் லாரி மாதிரி உறுமும் பெட்டியை வாங்கிப் போவார்கள்.

மூன்று மாதம் பார்த்தேன். பிறகு பின்தகட்டில் இரண்டு திருகாணியைத் தளர்த்தி விட்டேன். தகடு அதிர்ந்து கொர்ர்ர் என்றது. அந்த மாதம் நாற்பது பெட்டி போனது.

நான் யாரையும் ஏமாற்றவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். சத்தம் கேட்டார்கள், சத்தம் கொடுத்தேன். குளிர் இலவசம்.

நகோயாக்காரன் தப்பு கேட்கிறான்.

ஜனவரி 19

எல்லோரையும் கூட்டிச் சொல்லிவிட்டேன். வரியை நீட்டுங்கள். ஒவ்வொருவரும் தன் பகுதியில் சின்னச் சின்னத் தப்புகளை வையுங்கள். எழுத்துப் பிழை, நிறம் மாறுவது, பொத்தான் இடம் தள்ளி நிற்பது, இந்த மாதிரி. சோதனை செய்பவர்கள் அதைக் கண்டுபிடித்து நகோயா படிவத்தில் ஏற்றுங்கள். பிறகு திருத்துங்கள். அட்டவணை பச்சையாகும். எல்லோருக்கும் வேலை இருக்கும்.

பாவ் கையைத் தூக்கினான். "அக்கா, நான் வெக்கணுமா, இல்ல இருக்கறதே போதுமா?"

அறை முழுக்கச் சிரிப்பு. காங் மட்டும் குனிந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குவென் எழுந்தாள். சோதனைப் பிரிவு அவள் பொறுப்பு. வாய் ஜாஸ்தி, ஆனால் வேலையும் ஜாஸ்தி. "அக்கா, நான் தேடிக் கண்டுபிடிக்கறவ. அவங்களே ஒளிச்சு வெச்சு, இங்கதான் இருக்குன்னு காட்டி, நான் ஐயோ கண்டுபிடிச்சேன்னு கத்தறதுக்கு எதுக்குப் படிச்சேன்? என் அக்கா பொண்ணு மூணு வயசு, அவளோட விளையாடறது இதுதான்."

"சம்பளம் அவ கொடுக்கறாளா?"

உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே ஒரு நிபந்தனை வைத்தாள். வைக்கும் ஒவ்வொரு தப்புக்கும் நம்பர் போட்டு ஒரு நோட்டில் எழுத வேண்டும். தப்பைத் திருத்தி எல்லா நம்பரையும் கோடு போட்டு அடித்த பிறகுதான் எதுவும் நகோயாவுக்குப் போக வேண்டும். கெட்டிக்காரி. சரி என்றேன்.

ஜனவரி 24

புதுச் சிக்கல். தப்பு வைக்கவும் நேரம் ஆகிறது, எடுக்கவும் நேரம் ஆகிறது. அந்த மணிகளை உழைப்புக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது? லாம் "தர மேம்பாடு" பத்தியில் எழுதச் சொன்னான். எழுதியாயிற்று. இந்த வாரம் 112 மணி நேரம் தரத்தை மேம்படுத்தியிருக்கிறோம்.

ஜனவரி 26

முதல் அறுவடை. இருபத்தொரு தப்பு வைத்தோம், இருபத்தொன்றும் கிடைத்தது. கிடைக்காதா பின்னே.

பசங்களுக்குப் பிடித்துப் போய்விட்டது. யார் அழகான தப்பு வைக்கிறார்கள் என்று போட்டி. ஒருவன் "உறைநிலை" என்று வர வேண்டிய இடத்தில் ஜப்பான் மொழியில் "உறைந்த மாமியார்" என்று வைத்திருக்கிறான். லாம் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான்.

காங்குக்கு மட்டும் வரவில்லை. இன்று முழுவதும் உட்கார்ந்து ஒரே ஒரு தப்பு வைத்தார். மாலையில் அதையும் எடுத்துவிட்டார். கேட்டதற்கு, "அசிங்கமா இருந்தது அக்கா" என்றார்.

ஜனவரி 30

நகோயாவில் தரப் பிரிவு அதிகாரி ஒனிஷி. அவரிடமிருந்து மெயில். மரியாதை சொட்டச் சொட்ட எழுதியிருக்கிறார். எண்கள் முன்னேறியதற்கு நன்றி. ஆனால் எல்லாத் தப்புகளும் வெள்ளிக்கிழமை மதியம் மூன்றிலிருந்து நான்குக்குள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. காரணத்தை விளக்க முடியுமா?

கூடவே ஒரு படம். தப்புகள் எப்படிக் கிடைக்க வேண்டும் என்று ஒரு வளைவு. முதலில் மெதுவாக, பிறகு மளமளவென்று, கடைசியில் ஓய்ந்து போக வேண்டுமாம். காய்ச்சல் ஏறி இறங்குகிற மாதிரி.

லாம் பலகையில் அந்த வளைவை வரைந்தான். ஒவ்வொரு தப்புக்கும் தேதி குறித்தோம். எந்த நாளில் வைப்பது, எந்த நாளில் கண்டுபிடிப்பது, எந்த நாளில் திருத்துவது. எல்லாம் முன்கூட்டியே படிவத்தில் ஏற்றி வைத்தாயிற்று. பிறக்கப் போகும் 42 தப்புகளுக்கு ஜாதகம் எழுதிவிட்டோம். சாகும் நாள் உட்பட.

பிப்ரவரி 2

அடுப்புச் சாமிகள் இன்று கெண்டை மீன் ஏறி வானத்துக்குப் போகிறார்கள். வருடம் முழுவதும் இந்த வீட்டில் நடந்ததை அங்கே ஒப்பிப்பார்கள். பழமும் இனிப்பும் தாராளமாகவே வைத்தேன். மேலே அட்டவணை இருந்தால் என் வீட்டையும் சராசரிக்குள் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

இன்னொன்று தோன்றியது. நகோயாவின் அந்த முந்நூறு பழைய வேலைகள், அந்தச் சராசரி. அதில் எத்தனை வேலையில் எங்களைப் போல் விதைத்திருப்பார்கள்? ஹைஃபோங்காரன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான்? அவனும் வியாபாரிதானே.

பிப்ரவரி 6

காங் கடைசியில் ஒரு தப்பு வைத்துவிட்டார். நோட்டில் 41ஆம் நம்பர். "நல்லா இருக்கு, குவெனுக்குப் பிடிக்கும்" என்றாராம்.

பிப்ரவரி 7

தெட் புத்தாண்டுப் பண்டிகைக்கு குவென் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். தங்கை கல்யாணமும் சேர்த்து வைத்திருக்கிறார்கள், 25ஆம் தேதிதான் வருவாள். நோட்டை பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கொடுக்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நோட்டப் பாத்து அடிக்காத, ப்ரோகிராமைப் பாத்து அடி. கேக்குதா?" என்றாள்.

"கேக்குது குவென் அக்கா, காது ரெண்டும் இருக்கு."

போனஸ் கொடுத்தாயிற்று. பண்டிகைக்கு வாங்கிய கும்குவாட் ஆரஞ்சு மரம் லிஃப்டில் நுழையவில்லை, மாடிப்படியில் தூக்கி வந்தார்கள். பழம் பாதி உதிர்ந்தது.

பிப்ரவரி 10

புது வருடம். ஒன்றும் எழுதுவதற்கில்லை. பண்டிகைப் பலகாரம் பான் தெட் மூன்று துண்டு அதிகம் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 19

அனுப்பிவிட்டோம். நோட்டில் 63 நம்பரும் அடிக்கப்பட்டன. ஆறு பகுதியும் பச்சை. காங் இந்த மாதம் 1,140 வரி. "உறுப்பினரின் முன்னேற்றம் மகிழ்ச்சியளிக்கிறது" என்று ஒனிஷி எழுதியிருக்கிறார். அதைக் காங்கிடம் படித்துக் காட்டினேன். "நானும் கேள்விப்பட்டேன்" என்றார்.

ஜப்பானில் பதினோரு கிடங்குகளில் புதுப் பதிப்பு ஏறிவிட்டதாம்.

பிப்ரவரி 22

ஹைஃபோங்காரனுக்கு ஒரு பகுதி சிவப்பு என்று லாமுக்குக் காற்று வாக்கில் செய்தி. நல்ல தூக்கம் வந்தது.

பிப்ரவரி 26

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

குவென் நேற்று ஊரிலிருந்து வந்தாள். இன்று காலை முதல் வேலையாக நோட்டை எடுத்து ஒவ்வொரு நம்பராகச் சரிபார்த்திருக்கிறாள். பதினொரு மணிக்கு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அவள் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

"அக்கா, 41 உள்ளயே இருக்கு."

"எது 41?"

"சித்தப்பாவோடது. பிப்ரவரி 29 வந்தா அலாரத்துக்குத் தேதி புரியாது. அன்னிக்கு முழுக்க அடிக்காது. ஐஸ்கிரீம் கஞ்சியானாலும் அடிக்காது."

"29 எப்போ?"

"வியாழக்கிழமை."

பாவைக் கூப்பிட்டோம். வெளுத்துப் போய் நின்றான். "படிவத்துல 8ஆம் தேதி திருத்தியாச்சுன்னு இருந்தது அக்கா. அதான் அடிச்சேன்."

அந்தப் படிவத்தை எழுதியது நாங்கள். ஜனவரி மாதத்தில். அந்தத் தப்பு பிறப்பதற்கு முன்பே.

காங் வந்தார். குவென் திருப்பி அனுப்புவாள், அப்போது எடுக்கலாம் என்று காத்திருந்தாராம். வராததால், விடுமுறைக்கு முன் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். "நான் கேட்டிருக்கணும்" என்றார். மூன்று தடவை அதையே சொன்னார்.

இனி நாங்களாகச் சத்தமில்லாமல் மாற்றவும் முடியாது. அனுப்பிய பிறகு ஒரு புள்ளியை நகர்த்த வேண்டுமென்றாலும் நகோயாவின் அனுமதி வேண்டும், காரணம் எழுத வேண்டும். அனுப்பிய பிறகு தப்பு என்றால் அட்டவணையில் அதற்குத் தனிப் பத்தி. எங்கள் எண் அங்கே பூஜ்யம். அதுதான் எங்கள் பெருமை.

லாம் சொன்னான்: "அக்கா, ஒரே ஒரு நாள்தான். அன்னிக்குப் பாத்து எந்தக் கிடங்குலயும் குளிர் குறையலேன்னா யாருக்கும் தெரியாது. மார்ச் வரைக்கும் தாக்குப் பிடிச்சாப் போதும்."

அவன் கெட்டவன் இல்லை. இரண்டு குழந்தை, வீட்டுக் கடன். 38 பேரில் அவனும் ஒருவன்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டேன். என்ன சொல்லப் போகிறேன்? தெரியவில்லை. பதினோரு கிடங்கு. அந்த மீனை யாரோ சாப்பிடுவார்கள் அல்லவா. கெட்டது தெரியாமல் உருகி மறுபடி உறைந்த மீனை எவன் வீட்டுப் பிள்ளையோ—

ஃப்ரிட்ஜில் சத்தம்தான் வைத்தேன். குளிரில் கை வைத்ததில்லை. ஒருநாளும் வைத்ததில்லை.

பிப்ரவரி 27

காலை ஏழுக்கு நானே போன் செய்தேன். லாமைக் கூப்பிடவில்லை. என்னுடையது பழைய சாமான் கிடங்கில் பேரம் பேசிக் கற்ற ஜப்பான் மொழி. மரியாதைச் சொல் எல்லாம் வராது. அதுவும் ஒரு விதத்தில் நல்லது, சுற்றி வளைக்க முடியாது.

"ஒனிஷி சான், 29ஆம் தேதி அலாரம் அடிக்காது. இன்னிக்கே மாத்தணும்."

அங்கே நாற்காலி நகரும் சத்தம். "லியூ சான், எத்தனை கிடங்குல?"

"பதினொண்ணுலயும்."

"திருத்தம் தயாரா?"

"தயார். காங் ராத்திரியே முடிச்சுட்டார்."

"இந்தத் தப்பு எப்படி உள்ள வந்தது?"

கேட்பார் என்று தெரியும். பொய் ஒன்று தயாராகத்தான் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த மொழியில் எனக்குப் பொய் சொல்லும் அளவுக்கு வார்த்தை இல்லை.

"நாங்க வெச்சது. நீங்க ஆயிரத்துக்கு நாலு கேட்டீங்க. எங்ககிட்ட அவ்வளவு இல்ல."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"கடைசியா நீங்க சொன்னது எனக்குக் கேக்கல" என்றார்.

"திரும்பச் சொல்லவா?"

"வேண்டாம். படிவம் அனுப்புங்க. காரணம்ங்கற இடத்துல கவனக்குறைவுன்னு எழுதுங்க. நான் கையெழுத்தோட காத்திருக்கேன்."

சாயங்காலம் நான்குக்குள் பதினோரு கிடங்கிலும் ஏறிவிட்டது. சாதாரணமாக ஒரு கையெழுத்துக்கே பத்து நாள் ஆகும்.

காங் கடைசிக் கிடங்கு முடியும்வரை எழுந்திருக்கவில்லை. குவென் சோறு வாங்கிவந்து பக்கத்தில் வைத்தாள். அப்படியே இருந்தது.

பிப்ரவரி 28

கவனக்குறைவு என்று எழுதினால் போதாதாம். நகோயா வழக்கப்படி ஐந்து தடவை "ஏன்" கேட்டு, ஐந்துக்கும் பதில் எழுத வேண்டுமாம். ஒனிஷியின் மேலதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார்.

லாம் உட்கார்ந்து எழுதினான். ஏன் அலாரம் அடிக்காது? 29ஆம் தேதி புரியாததால். ஏன் புரியவில்லை? லீப் வருடத்தை நினைக்காததால். ஏன் நினைக்கவில்லை? சரிபார்க்கும் பட்டியலில் இல்லாததால். ஏன் இல்லை? பட்டியல் நான்கு வருடம் பழையது. ஏன் பழையது? புதுப்பிக்கும் விதிமுறை இல்லாததால்.

அருமையாக இருந்தது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

நிஜத்தில் ஒரே ஏன்தான். நீங்கள் கேட்டீர்கள், நான் விற்றேன்.

பிப்ரவரி 29

ஒரு கிடங்கில் யாரோ கதவைச் சாத்த மறந்திருக்கிறார்கள். மதியம் 1.20. அலாரம் அடித்ததாம்.

மார்ச் 6

ஒனிஷி நேரில் வந்தார். மெலிந்த மனிதர், குடையைக் கீழே வைக்கவே மாட்டேன் என்கிறார். ராத்திரி கடற்கரையில் சிப்பியும் பீரும். மூன்றாவது பீருக்குப் பிறகு அட்டவணையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஒப்பந்தம் போனது, அதைச் சொல்லத்தான் நேரில் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் சிப்பி ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அனுப்பினதுக்கு அப்புறம் வர்ற தப்பு, இந்தப் பத்தி" என்று விரலை வைத்தார். "உங்களோடது பூஜ்யம். ஆறு வருஷமா பூஜ்யம். மேல இருக்கறவங்களுக்கு அதுதான் சந்தேகம். வாடிக்கையாளர் சொன்ன தப்பை எல்லாம் மறைக்கிறாங்கன்னு ஒரு பேச்சு."

"இப்போ?"

"இப்போ ஒண்ணு இருக்கு. நீங்களாவே சொன்னது. அஞ்சு ஏனோட." விரலை நகர்த்தினார். அந்தக் கட்டமும் பச்சை.

சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பீரைத் தள்ளி வைத்துவிட்டு, "நானும் முன்னால ப்ரோகிராம்தான் எழுதிட்டிருந்தேன், லியூ சான்" என்றார். பிறகு குடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று போனில் அவருக்குக் கேட்காமல் போனதைப் பற்றி நானும் கேட்கவில்லை.

மார்ச் 22

ஒப்பந்தம் எங்களுக்கு. மூன்று வருடம். ஹைஃபோங்காரனுக்கு நன்றிக் கடிதம் போயிருக்கும்.

பசங்கள் கத்திய கத்தலில் கீழ்மாடிப் பல் டாக்டர் ஆள் அனுப்பி விசாரித்தார். ராத்திரி கரோக்கே. பாவ் பாடினான். அதிலும் ஆயிரத்துக்கு ஆறு.

மார்ச் 25

காங் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அக்கா, ஏப்ரல்லேருந்தும் தப்பு வெக்கணுமா?"

"மூணு வருஷ ஒப்பந்தம், தம்பி. அட்டவணை அதேதான்."

தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை.

"வியாழக்கிழமை ஒரு தப்பு பண்ணினேன்."

"எந்த நம்பர்?"

"நம்பர் இல்ல. நோட்டுல இல்ல. நான் வெக்கல, அதுவா வந்துது." கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "குவென்தான் பிடிச்சா. சித்தப்பா, இது நிஜம், நிஜத் தப்புன்னு ஓடி வந்து காட்டறா. அவளுக்குச் சந்தோஷம், நிஜமா ஒண்ணு கண்டுபிடிச்சு எத்தனை நாளாச்சு. எனக்குத்தான்... பதினெட்டு வருஷம் மீட்டர்ல இருந்தேன் அக்கா. தப்பு எப்படி இருக்கும்னு கை யோசிச்சதே இல்ல. இப்போ யோசிக்குது."

சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றேன். தலைமை ஆலோசகர் என்று பெயர் போடுகிறேன் என்றேன். "உங்க பகுதியில மட்டும் வெக்க வேணாம், பாவ் பாத்துப்பான்" என்றுகூடச் சொன்னேன்.

யாருமே வைக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தார் என்று அவர் போன பிறகு தெரிகிறது. இல்லை. அப்போதே தெரியும். 38 பேர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 1

புது ஒப்பந்தம் ஆரம்பம். 37 பேர்.

ஏப்ரல் 9

காங் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாராம். கடற்கரை ஓட்டல்கள் எல்லாம் அவர்கள் கையில். குவென் போன் செய்து பேசினாளாம்.

"அங்க எப்படி அளக்கறாங்கன்னு கேட்டேன் அக்கா."

"என்ன சொன்னார்?"

"உள்ள மாட்டினவங்க வெளிய வந்தாங்களான்னு பாப்பாங்களாம். அவ்வளவுதானாம்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் வேறு ஏதோ பில்லைத் தேடினேன்.

ஏப்ரல் 26

இந்த மாத அட்டவணைக்கான எண்களை குவென் கொண்டுவந்தாள். ஆறு பகுதியும் பச்சை. முன்பு சிவப்பாக இருந்த நான்கிலும் ஆயிரத்துக்கு ஐந்து, ஆறு, ஐந்து, ஏழு. வளைவும் அச்சு அசல் அவர்கள் படம்.

"நல்லா வெச்சிருக்காங்களே. எத்தனை வெச்சது?"

"ஒண்ணுகூட வெக்கல அக்கா. சித்தப்பா போனதுலேருந்து நோட்டைத் தொடவே இல்ல." காகிதத்தை என் முன்னால் நேராக வைத்தாள். "தேவைப்படல."

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஒனிஷியிடமிருந்து மதியமே பதில் வந்தது. இயல்பான எண்கள், மிக்க நன்றி என்று.